ஸ்டியரிங் ஆட்டம்: பழைய பிக்கப் வண்டியில் அதைத் தேடுவதும் தீர்ப்பதும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் பழைய ஜீப் பிக்கப் ஒன்றை ஓட்டிச் செல்பவரின் கைகளைக் கவனித்தால், சாலை நேராக இருக்கும் இடத்தில்கூட அவை இடமும் வலமுமாக ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஸ்டியரிங் சக்கரத்தைச் சிறிது திருப்பினாலும் முன்சக்கரங்கள் அசைவதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான் வண்டி திரும்பத் தொடங்குகிறது. இப்படிக் கை திரும்பியும் சக்கரம் திரும்பாமல் வீணாகும் இடைவெளியைத்தான் பட்டறைகளில் ‘ஆட்டம்’ என்றும் ‘பிளே’ என்றும் சொல்கிறார்கள். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் பழகிவிடுகிறார்கள். அப்படிப் பழகத் தேவையில்லை என்பதும், தேய்ந்த பாகங்களை முறையாகக் கண்டறிந்து சீரமைத்தால் நாற்பது ஐம்பது ஆண்டு வயதான வண்டியும் கைக்கு அடங்கி ஓடும் என்பதும் தேயிலை மூட்டை ஏற்றும் எங்கள் வீட்டு வண்டியில் நான் கற்றுக்கொண்டவை. பாகங்களின் பெயர்கூடத் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கையின் விசை தரைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பினால் அதன் தண்டு சுழன்று, வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் போகிறது. அங்கே பல சுற்றுகள் கொண்ட கையின் சுழற்சி, டிராப் ஆர்ம் என்னும் கையளவு நீளமுள்ள இரும்புக் கரத்தின் சிறிய, வலிமையான அசைவாக மாறுகிறது. டிராப் ஆர்மின் அசைவை டிராக் லிங்க் என்ற கம்பி முன்னே கொண்டுபோகிறது. சில வண்டிகளில் அது நேரே சக்கரத்துக்கான ஆர்மில் சேரும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் நடுவே பெல் கிராங்க் என்ற திருப்புகோல் ஒன்று இருந்து, அதிலிருந்து இரண்டு டை ராடுகள் இரு பக்கமும் பிரியும். டை ராட் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது; நக்கிள் கிங் பின் என்ற செங்குத்து ஊசியை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. ஒவ்வொரு கம்பியின் முனையிலும், கிண்ணத்துக்குள் பந்து திரும்புவதுபோன்ற இணைப்பான பால் ஜாயின்ட் ஒன்று உண்டு. பாக்ஸில் தொடங்கிச் சக்கரம் வரை எண்ணினால், உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்கள் பத்துக்கும் மேல் வரும்.

இந்த எண்ணிக்கைதான் விஷயத்தின் மையம். ஒரு பால் ஜாயின்டில் அரை மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் அது யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிராப் ஆர்மின் நீளம் 150 மி.மீ., ஸ்டியரிங் பாக்ஸின் விகிதம் 15-க்கு 1, ஸ்டியரிங் சக்கரத்தின் ஆரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டிராப் ஆர்மின் முனையில் உள்ள அரை மில்லிமீட்டர் இடைவெளி, பாக்ஸின் வழியே 15 மடங்காகப் பெருகி ஸ்டியரிங்குக்கு வரும்போது, ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் 10 மி.மீ., அதாவது முழுதாக ஒரு சென்டிமீட்டர் ஆட்டமாகிவிடுகிறது. இப்படி நான்கு ஜாயின்டுகள் அரை அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் விளிம்பில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வரும். எந்த ஒரு பாகமும் ‘போய்விட்டது’ என்று சொல்லும் நிலையில் இருக்காது. ஆனாலும் வண்டி சாலையில் அலையும். ஆட்டம் என்பது பல சிறு தேய்மானங்களின் கூட்டுத்தொகை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு ஆட்டம் போகவில்லையே என்று வருந்த வேண்டியிருக்காது.

சட்டமும் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 பாகையைத் தாண்டக் கூடாது என்றும், பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்றும், இணைப்புகளின் போல்டுகளும் ஊசிகளும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மேலே சொன்ன ஆரத்தில் 30 பாகை என்பது விளிம்பில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மலைச் சாலைக்கு அது மிக மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து. குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. எதிரே பேருந்து ஏறி வரும்போது, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக மிச்சமிருக்கும் சாலையில், பத்து சென்டிமீட்டர் வீணாகத் திருப்பிய பிறகு வண்டி திரும்பத் தொடங்குவதை ஏற்க முடியாது.

மலை வண்டிகள் ஏன் விரைவாகத் தேய்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஊர்ந்துகொண்டு, ஸ்டியரிங்கை ஏறக்குறைய முழுதும் திருப்பிய நிலையில் திரும்புகிறது. டயர் உருளும் வேகம் குறையக் குறைய அதைத் திருப்ப வேண்டிய விசை கூடும். இறங்கும்போது பாரம் முன்னச்சுக்கு வருவதால் அந்த விசை இன்னும் அதிகமாகிறது. இவ்வளவும் சிறிய பால் ஜாயின்டுகளின் மீதே விழுகிறது. அதோடு, வடகிழக்குப் பருவ மழையில் தோட்டப் பாதையின் செம்மண் சேறு கிழிந்த ரப்பர் உறைக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் கிரீஸுடன் கலந்து, உலோகத்தை அராவும் பசையாகிவிடுகிறது. என் அனுபவத்தில், கிழிந்த ஒரு ரப்பர் உறை ஒரு மழைக்காலத்தில் செய்யும் சேதத்தை நல்ல உறையுள்ள ஜாயின்ட் பல ஆண்டு ஓடினாலும் அடைவதில்லை.

ஸ்டியரிங் பாக்ஸை ‘டைட்’ செய்வது ஆட்டத்துக்குப் பலரும் முதலில் செய்யும் வைத்தியம். பாக்ஸின் பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் வெளியே தெரியும். ஸ்பேனர் எளிதாக எட்டும். ஸ்க்ரூவைச் சிறிது திருகினால் ஆட்டம் உடனே குறைந்ததுபோல் இருக்கும். எங்கள் வண்டிக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இலை மூட்டைகளோடு முதல் கொண்டை ஊசி வளைவில் திருப்பியபோது ஸ்டியரிங் பாதியில் பிடித்துக்கொண்டது. வளைவு முடிந்தும் தானாக நேருக்குத் திரும்பி வரவில்லை. இரு கைகளாலும் இழுத்துத் திருப்பித்தான் வண்டியைச் சாலைக்குள் வைத்திருக்க முடிந்தது. அன்று எங்களைக் காப்பாற்றியது எதிரே வண்டி எதுவும் வராததுதான்.

அப்படி ஏன் நடந்தது என்பதைப் பாக்ஸின் உள்ளமைப்பு விளக்கும். பழைய ஜீப்புகளில் இருக்கும் ராஸ் வகைப் பாக்ஸில், ஸ்டியரிங் தண்டின் அடியில் திருகுபோல் பள்ளம் வெட்டிய கேம் ஒன்று இருக்கும். டிராப் ஆர்மைத் தாங்கும் குறுக்குத் தண்டின் லீவரில் உள்ள ஊசிகள் அந்தப் பள்ளத்தில் பொருந்தி நகரும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பள்ளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும் என்பதை அறிந்தே, நடுவில் பிடி இறுக்கமாகவும் இரு பக்கமும் போகப்போகச் சற்றுத் தளர்வாகவும் அமையும்படி பள்ளத்தை வெட்டியிருக்கிறார்கள். பல ஆண்டு ஓட்டத்தில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துவிட்டால், பக்கங்கள் பழைய அளவிலேயே நிற்கும். அப்போது நடுவின் ஆட்டம் போகும்வரை ஸ்க்ரூவை இறுக்கினால், பக்கங்களில் ஊசி பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். ஆட்டம் பால் ஜாயின்டில் இருக்கப் பாக்ஸை இறுக்கினாலோ இதைவிட மோசம். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்றாகிவிடும்.

ஆகவே முதல் வேலை, ஆட்டம் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அறிவதுதான். அதற்கு இரண்டு பேர் போதும். வண்டியைச் சமதளத்தில், முன்சக்கரங்கள் நேராகத் தரையில் ஊன்றியிருக்க நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட வேண்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு சாண் அளவுக்கு மெதுவாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டிருக்க, மற்றவர் கீழே ஒவ்வோர் இணைப்பின் மேலும், இரு பாகங்களையும் ஒருசேரத் தொடும்படி விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். பாக்ஸ் சேஸியில் அசைகிறதா, குறுக்குத் தண்டு அதன் புஷ்ஷில் (தண்டைச் சுற்றித் தாங்கும் உலோக வளையத்தில்) ஏறி இறங்குகிறதா, டிராக் லிங்கின் இரு முனைகளும் எப்படி, பெல் கிராங்கின் ஊசி தளர்ந்திருக்கிறதா, டை ராட் முனைகள் எப்படி என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவது நல்லது. பாக்ஸைச் சேஸியோடு பிடிக்கும் போல்டுகள் தளர்ந்தோ, அந்த இடத்தில் சேஸி விரிசல் விட்டோ இருந்தால், மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை. முன் பட்டைச் சுருளை (லீஃப் ஸ்பிரிங்கை) அச்சோடு பிடிக்கும் யூ போல்டுகளையும் அப்படியே பார்த்துவிட வேண்டும், டயர் காற்றையும்தான்.

பழைய டிராக் லிங்குகளில் ஒரு விஷயம் புதியவர்களை ஏமாற்றும். குழாய் முனைக்குள் பந்தை இரண்டு கிண்ணங்கள் பிடித்திருக்க, அவற்றின் பின்னே ஒரு ஸ்பிரிங் இருக்கும். சாலையின் அதிர்ச்சி கைக்கு வராமல் தாங்கவே அது வைக்கப்பட்டது. அசைக்கும்போது அந்த ஸ்பிரிங் சற்று அமுங்குவதைத் தேய்மானம் என்று எண்ணிவிடக் கூடாது; அமுங்குவதற்கு முன் ‘டக்’ என்று ஒரு வெற்றிடம் தட்டினால்தான் அது தேய்மானம்.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி கொடுத்த பிறகு, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது சக்கரத்தின் பேரிங்கிலும் இருக்கலாம், கிங் பின்னிலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க எளிய வழி, உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்வது. பிரேக் பிடித்ததும் டிரம் நக்கிளோடு சேர்ந்து பூட்டிக்கொள்வதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பிறகும் மிஞ்சும் ஆட்டம் கிங் பின்னுடையது. இதைச் செய்யாமல் கிங் பின் செட்டை வாங்கி மாற்றிவிட்டு, கடைசியில் பேரிங் நட்டை இறுக்கியதும் எல்லாம் சரியானதைப் பார்த்து நொந்தவர்களை எனக்குத் தெரியும்.

கழற்றும்போது பொறுமைதான் முதல் கருவி. டிராப் ஆர்ம் குறுக்குத் தண்டின் பற்களில் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று இரண்டின் மேலும் ஒரு கோடு கீறி வைத்து, புல்லர் என்ற கழற்றும் கருவியைப் போட்டு இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி பாக்ஸின் உள்ளே இருக்கும் ஊசிகளுக்குப் போகும். டை ராட் முனையைக் கழற்றும் முன் வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொண்டால், பூட்டும்போது ஏறக்குறைய பழைய நீளம் கிடைத்துவிடும். அந்த முனையின் கூம்பு, ஆர்மின் துளையில் இறுகியிருக்கும். நட்டைத் தளர்த்திவிட்டு, துளையைச் சுற்றியுள்ள இரும்பின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து மறுபக்கம் சட்டென்று ஓர் அடி கொடுத்தால் விட்டுவிடும்.

எதை மாற்றுவது, எதைச் சீரமைப்பது என்பதில் நான் கண்டிப்பானவன். டை ராட் முனைகள், ரப்பர் உறைகள், ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீல்கள், நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்கள் ஆகியவற்றில் பழையதை மீண்டும் போடவே கூடாது. கேமின் பள்ளத்திலும் லீவரின் ஊசிகளிலும் மேலே கடினமாக்கப்பட்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது பெயர்ந்து குழி விழுந்துவிட்டால் வெல்டிங் வைத்து அராவுவது ஏமாற்று வேலை. டிராப் ஆர்ம், நக்கிள் ஆர்ம் போன்றவற்றில் வெல்டிங்கோ, காய்ச்சி வளைப்பதோ கூடவே கூடாது. இவை உடைந்தால் ஸ்டியரிங் முற்றிலும் விட்டுப்போகும். பிரேக் விட்டால் கியரையாவது நம்பலாம், ஸ்டியரிங் விட்டால் நம்புவதற்கு எதுவும் இல்லை. மறுபுறம், குறுக்குத் தண்டின் புஷ்களும், பெல் கிராங்க் புஷ்ஷும், பழைய வகைக் கிங் பின் புஷ்களும் நல்ல லேத் பட்டறையில் செய்துகொள்ளத் தக்கவை. வண்டிக்கு உரிய பாகம் கடையில் கிடைக்காதபோது கோயம்புத்தூர் லேத்துகளுக்குக் கொண்டுபோவதுதான் மலைக்காரர்களின் வழக்கம்.

புஷ் வேலையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. புஷ்ஷைத் துளைக்குள் அழுத்தியதும் அதன் உள்விட்டம் சிறிது சுருங்கும். ஆகவே அழுத்திய பிறகே ரீமர் என்ற துளை சீராக்கும் கருவியைப் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு புஷ்கள் இருந்தால் இரண்டையும் ஒரே ரீமரின் ஒரே ஓட்டத்தில் முடித்தால்தான் தண்டு நேர்கோட்டில் நிற்கும். இரண்டாவது தவறு, புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளையை கிரீஸ் அடிக்கும் முனையான நிப்பிளின் துளைக்கு நேரே வைக்க மறப்பது. வெளியே நிப்பிளில் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே ஒரு துளியும் போகாமல், புதிய புஷ் சில மாதங்களில் தின்றுபோகும்.

பாக்ஸைப் பூட்டும்போது வரிசை முக்கியம். முதலில் கேமின் இரு முனை பேரிங்குகளில் உள்ள முன்பின் ஆட்டத்தை, மூடியின் அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தோ சேர்த்தோ தீர்க்க வேண்டும். தண்டு தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் ஏறி இறங்கக் கூடாது. அதன் பிறகே பக்க ஸ்க்ரூ. டிராக் லிங்கைப் பூட்டாத நிலையில், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதி திரும்பி வந்தால் அதுதான் நடு. அந்த நடுவில் மட்டும் மிக மெல்லிய ஓர் இறுக்கம் கையில் தெரியும்வரை ஸ்க்ரூவைத் திருகி, லாக் நட்டைப் பூட்டிவிட்டு, இரு கோடிகளுக்கும் மீண்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கங்களில் சற்றுத் தளர்வு இருந்தால் அதுவே சரி. நடுவில் ஆட்டம் போகும்போதே பக்கங்களில் பிடித்தால் கேம் தேய்ந்துவிட்டது என்று பொருள். வேறு கேம் தேட வேண்டியதுதான்.

இந்தப் பாக்ஸுக்குள் ஊற்ற வேண்டியது கையேடு சொல்லும் கியர் ஆயில். சீல் ஒழுகுகிறது என்பதற்காக அதைக் கிரீஸால் நிரப்புவது பரவலான பழக்கம். கேம் சுழலும்போது கிரீஸ் ஒதுங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. ஆயில்தான் வழிந்து மீண்டும் பள்ளத்துக்கு வரும். ஒழுகினால் சீலை மாற்றுவதே முறை.

நான்கு சக்கர ஓட்டமுள்ள ஜீப் வகை அச்சில் கிங் பின் என்பது மேலும் கீழும் இரண்டு குட்டையான ஊசிகளும், அவற்றைத் தாங்கும் கூம்பு உருளை பேரிங்குகளும்தான். அங்கே வேண்டியது தளர்வில்லாத ஒரு முன்இறுக்கம். ஆயில் சீலைப் பூட்டும் முன், டை ராட் இணையாத நிலையில், நக்கிள் ஆர்மின் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்தால், நக்கிள் திரும்பத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையே அதன் அளவு. ஜீப் வகைக்கு அது சில கிலோதான் என்பதால், இலை மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இதற்கு உதவாது. பத்து கிலோவுக்குள் காட்டும் சிறிய தராசு வேண்டும். ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும். இந்த இறுக்கம் இல்லாத வண்டிதான் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டு, வேகம் குறையும்வரை நிற்காமல் உதறும்.

எல்லாம் பூட்டியதும் டோ-இன் பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் பின்புறத்தைவிட முன்புறத்தில் மிகச் சிறிது நெருங்கியிருப்பதே டோ-இன். ஓடும்போது டயர்கள் வெளிநோக்கி விரியப் பார்ப்பதை அது ஈடு செய்கிறது. பழைய வில்லிஸ் ஜீப்புக்குரிய அளவு ஓர் அங்குலத்தில் 64-இல் 3 பங்கு முதல் 32-இல் 3 பங்கு வரை, அதாவது ஏறத்தாழ 1 முதல் 2½ மி.மீ. வரை. இரண்டு டயர்களின் முன்புறத்திலும், அச்சின் உயரத்தில், நடுவே சுண்ணாம்புக் குறியிட்டு இடைவெளியை அளந்து, வண்டியை முன்னே தள்ளி அந்தக் குறிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அதே டயர்ப் புள்ளிகளையே இருமுறையும் அளப்பதால், ரிம் சற்று வளைந்திருந்தாலும் கணக்கு கெடாது.

ஸ்பிளிட் பின் பூட்டும்போது நட்டின் வெட்டும் துளையும் நேர்ப்படாவிட்டால், நட்டை இன்னும் சிறிது இறுக்கித்தான் நேர்ப்படுத்த வேண்டும், தளர்த்தக் கூடாது. பிறகு ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயர் பட்டைச் சுருளில் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் ஓட்டம் சமதளத்தில், பாரமில்லாமல். எங்கள் வண்டியை நூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டி, எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகுதான் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினோம். இப்போது விளிம்பில் இருப்பது இரண்டு விரல் அகல ஆட்டம். மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு நிப்பிளிலும் கறுத்த பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை கிரீஸ் அடிக்கிறோம். ரப்பர் உறைகளைத் துடைத்து விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்கிறோம். வெடிப்பு தெரிந்த உறையை அன்றே மாற்றிவிடுகிறோம்.